சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று

கமருதீன் ஊருக்கு நிரந்தரமாக வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பத்துநான்கு வருஷம் துபாயில் ஒரு துணிக்கடையில் நின்று, கடைசிக் காலத்தில் அந்தக் கடைக்கே பங்காளியாகி, பங்கை விற்றுவிட்டு வந்தவர். ஒருநாள் காலையில் புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஹலீமா, வேலைய விட்டு ஓய்வுக்கு வந்தவங்களுக்கு அங்க ஒரு விசா குடுக்காவ. அஞ்சு வருஷம். புருசன் பெண்டாட்டி ரெண்டுபேருக்கும் சேத்து. நமக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. போட்டுப் பாக்கட்டா?"

ஹலீமா பீவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கல்யாணமான புதிதில், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் எழுதாத கடிதம் இல்லை. அப்போது மாமியார் படுக்கையில் விழுந்தார். பதினோரு வருஷம் கிடந்தார். அதன் பிறகு பிள்ளைகளின் படிப்பு. அதன் பிறகு கேட்பதை அவளே விட்டுவிட்டாள். இப்போது ஐம்பத்தைந்து வயதில் பெட்டி கட்டச் சொல்கிறார்.

"போடுங்க" என்றாள். பேப்பர் வேலை என்று ஒன்று கிடைத்தால் கொஞ்ச நாளைக்காவது அவர் முகம் தெளியுமே என்று நினைத்தாள்.

வந்த நாளிலிருந்து அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. தேங்காப்பட்டணத்தில் அவரோடு படித்தவர்கள் பாதிப்பேர் இல்லை. மீதிப்பேர் அவரைப் போலவே எங்கெங்கோ இருந்தார்கள். பள்ளிவாசலில் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அவரை ஹலீமாவின் மாப்பிள்ளை என்றுதான் அடையாளம் சொன்னார்கள். ஹலீமாவைத் தெரியாதவர் கிடையாது. வீடு கட்டியபோது பஞ்சாயத்து ஆபீசுக்கும் கரண்டு ஆபீசுக்கும் தனியாக அலைந்து அலைந்து மனு எழுதப் பழகியவள். இருபது வருஷமாகத் தெருவில் யாருக்கு ரேஷன் கார்டு மாற்ற வேண்டுமென்றாலும், விதவைப் பென்ஷனுக்கு எழுத வேண்டுமென்றாலும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். படிக்காமல் எதிலும் ஒப்புப் போடாதே என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லித்தான் பேனாவைக் கொடுப்பாள்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஷஹீர் வேண்டிய ஆவணங்களைப் போனில் வாசித்துச் சொன்னான். பாஸ்போர்ட், பேங்க் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தது. கல்யாணச் சான்றிதழ் மட்டும் இல்லை. ஜமாஅத் பதிவேட்டில் நிக்காஹ் எழுதியிருந்தார்கள். ஆனால் தூதரகத்தில் அது செல்லாது, அரசாங்கத்தில் பதிந்த சான்றிதழ்தான் வேண்டும் என்றான் ஷஹீர். முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்யத் தக்கலைக்கு பஸ் ஏறினார்கள்.

ஆபீசில் அபிதா என்ற இளம் பெண் இருந்தாள். படிவத்தை எடுத்துக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றாள். கமருதீன் பேனாவை எடுத்தார். வார்டு எண்ணில் நின்றார். பின்கோடில் நின்றார். மகள் ஃபாஸிலா பிறந்த தேதியில் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். ஒவ்வொன்றையும் ஹலீமா மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதினார். அவர் காது மடல் சிவந்துபோனதை அவள் கவனித்தாள்.

கடைசியில் உறுதிமொழி. ஹலீமா வழக்கம்போல வரி வரியாக வாசித்தாள். 'திருமணம் நடந்த நாள் முதல் இன்றுவரை நாங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து வருகிறோம்.'

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"மோளே, இதில ஒரு சம்சயம். இவரு இவ்வளவு காலமும் துபாயில. நான் இங்க. சேந்து வாழ்ந்தோம்னு எப்பிடி ஒப்புப் போடுகது?"

அபிதா சிரித்தாள். "பிரிஞ்சு போகல்லன்னு சொல்லுகதுதான் மாமி அது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதுல தப்பொண்ணும் இல்ல. எல்லாரும் போடுகதுதான்."

"ஒரு ஒப்புதானே. போடேன்" என்றார் கமருதீன்.

"ஒரு சாயா குடிச்சிட்டு வாறோம், மோளே" என்று ஹலீமா படிவத்தோடு எழுந்தாள்.

எதிரே ஒரு பேக்கரி. இரண்டு சாயாவும் ஒரு பழம்பொரியும் வந்தன. கமருதீன் எதையும் தொடவில்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? உனக்கு வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

"நேத்து உங்க பழைய பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்துப் பாத்தேன். வந்த தேதி, போன தேதி எல்லாம் முத்திரையில இருக்கு. இந்தப் பதினாலு மாசத்தையும் சேத்து நாம ஒரு வீட்டில இருந்தது நாலு வருஷம் ஏழு மாசம்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணினேன். உங்களக் குத்தம் சொல்ல இல்ல. தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு."

அவர் சாயாக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். ஹலீமா கண்ணாடிக்கு வெளியே நாகர்கோவில் பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமும், ஃபாஸிலாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"முதல்ல எல்லாம் நீங்க லீவு முடிஞ்சு போவும்போ மூணு நாள் சோறு இறங்காது. பின்ன ஒருதடவை, ஷஹீரு எட்டாம் கிளாஸ் படிக்கும்போ, உங்களை ஏர்போர்ட்டில விட்டுட்டு வந்து கதவைத் தொறந்தேன். மனசு லேசா இருந்திச்சு. இனி எனக்க வீடு எனக்க இஷ்டப்படி நடக்கும்னு. அதை நினைச்சு நினைச்சு அன்னைக்கு அழுதேன்."

கமருதீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் அப்பிடி உண்டு. அங்க இறங்கினதும் அந்தச் சூடு மூஞ்சில அடிக்கும்லா. அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சுன்னு தோணும். எங்க, உனக்கு முன்னால வாய் தவறிச் சொல்லிருவேனோன்னு ஒவ்வொரு லீவுலயும் பயம்."

 தான் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகும் அவர் எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்போ நீங்க மட்டும் போலாமே. என்ன எதுக்குக் கூட்டுகிய?"

"அந்தப் பெண்ணு கேட்டதுக்கெல்லாம் எனக்கு ஒண்ணுமே தெரியல்ல பாத்தியா? இங்க எனக்கு ஒரு ரோடுகூடத் தெரியாது. அங்கன்னா எல்லாம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இப்போ தனியாப் போவ மனசு வரல்ல. இந்தப் பதினாலு மாசத்தில நான் பழகின ஒரே ஆளு நீதான், ஹலீமா."

 பழம்பொரியைப் பிய்த்துப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தின்றார். திரும்பிப் போய் அந்த வரிக்குக் கீழே அவள்தான் முதலில் ஒப்புப் போட்டாள்.

பதிவுக்கு முன் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பது விதி. அது தெருவுக்குத் தெரிந்ததும் பெண்கள் விடவில்லை. "மாமி, மாப்பிள்ள நல்ல எடமா? விசாரிச்சியளா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். கமருதீன் உள்ளேயிருந்து, "ஆட்சேபணை உண்டுன்னா தக்கலையில போய்ச் சொல்லுங்கோ" என்று குரல் கொடுத்தார். அவர் தெருவோடு பேசிய முதல் பேச்சு அது.

சான்றிதழ் வந்தது. அது சென்னைக்கும் டெல்லிக்கும் போய் முத்திரை மேல் முத்திரையாக வாங்கிக்கொண்டு திரும்பியது. கமருதீனுக்கு அனுமதி உடனே கிடைத்தது, ஹலீமாவினுடையது நின்றுவிட்டது. நிக்காஹ் நகலில் அவள் பெயர் அலிமாத்து என்றிருந்ததுதான் காரணம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பினாள். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அவர் தனியாகப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கும் அனுமதி கிடைத்த அன்று, வருஷத்தில் ஐந்து மாதம் அங்கே, மீதி இங்கே என்று அவள் சொன்னாள். ஒருசேர ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும், நடுவில் ஒருதடவை வந்து தலையைக் காட்ட வேண்டிவரும் என்றார் அவர். காட்டுவோம் என்றாள்.

நவம்பரில் போனார்கள். போன மூன்றாம் நாள் அவர் முதன்முதலாகத் தங்கியிருந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று ஹலீமா கேட்டாள்.

"அங்க என்ன இருக்கு? நாத்தம் பிடிச்ச கட்டடம். கடலோரமாப் போவோம்."

"இல்ல. அத முதல்ல காட்டுங்க."

பழைய கடைத்தெருவுக்குள் அவளை நடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் ஆட்கள் அவரை நிறுத்தினார்கள். ஒரு சாயாக்கடை மலையாளி கட்டிப்பிடித்தார். சுமை வண்டி தள்ளும் பட்டாணியர் ஒருவர் உருதுவில் ஏதோ சொல்ல, கமருதீன் வாய்விட்டுச் சிரித்தார். இந்தச் சிரிப்பை ஹலீமா வீட்டில் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் கோபம் வந்தது. இத்தனை காலம் இதை இங்கேயே வைத்துவிட்டா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்? பிறகு, அவர் என்ன சொன்னார், ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டாள். அடுத்த சந்து வரும்வரை அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

மூன்று மாடி ஏறினார்கள். அறையில் குளச்சல் பக்கத்துக்காரர்கள் தங்கியிருந்தார்கள். லீவு நாள் என்பதால் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் உள்ளே வரச் சொல்லி, தரையில் கிடந்த துணியை அவசரமாக ஒதுக்கினார்கள். மேலும் கீழுமாக இரண்டு தட்டு வைத்த நான்கு இரும்புக் கட்டில். எட்டுப்பேருக்கு ஒரே ஜன்னல்.

"இதிலயா?"

"அந்த மேல் கட்டில். பத்தொம்பது வருஷம்."

ஹலீமா அண்ணாந்து பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தால் தலை மோதும் உயரம்.

"எனக்க காயிதமெல்லாம் எங்க வச்சு வாசிப்பிய?"

"லைட்ட அணைச்சிருவாவ. மாடிப்படியில வந்து உக்காந்து வாசிப்பேன்."

 கீழ்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். கமருதீன் தயங்கி வந்து உட்கார்ந்தார். அந்தப் பையன்கள் சாயா போட்டுக் கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகும் அவள் எழவில்லை. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எந்த ஊர், யார் சமைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.