பாலைவனத்துக்குச் சட்டை

பனியன் கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறுகளைச் சாந்தாமணி வெட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கப் போன பழனியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஏஞ்சாந்தா, உங்கூட்டுக்காரரு மொட்டமாடில கொசு அடிக்கறாரு, போயிப் பாரு. கையில மாப்புக் குச்சி, மேலுக்குக் கருப்புச் சட்டை. மாப்பள கெட்டாரு போ!"

செக்கிங் மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் கத்தரியைக் கீழே வைத்தாள். ஆனால் இரும்புப் படியின் கைப்பிடியைத் தொட்டதும் கை தானாகப் பின்வாங்கியது. சித்திரை மாதத்து உச்சி வெயில். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறும்போதே சிரிப்பு வடிந்துவிட்டது.

அன்னூர் போகும் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்குத் துபாயிலிருந்து புதிதாக ஒருவர் ஆர்டர் கொடுக்க இருந்தார். பாலைவனத்து மணலுக்கு நடுவே புல் வளர்த்து கோல்ஃப் ஆடுகிறார்களாம். மணிக்கணக்காக வெயிலில் நடக்கிற ஆண்களுக்குச் சட்டை வேண்டுமாம். காலர் இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்களாம். இரண்டு துணிகளில் மாதிரி தைத்திருந்தார்கள். ஒன்று வெளிர் நீலம். ஊதினால் மறுபக்கம் காற்று வரும். இன்னொன்று கருப்பு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஆர்டருக்காக வாங்கி, குடோனில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்த கெட்டித் துணி. எது நல்லது என்று மெஷினில் போட்டுப் பார்த்தால் போதாது, ஒரு மனுசன் வெயிலில் போட்டு நடந்து சொல்லட்டும் என்று துபாய்க்காரர் கேட்டிருந்தார். நியாயமான பேச்சுதான். அந்த மனுசனாகச் சாந்தாமணியின் புருசன் நஞ்சுண்டனைப் பிடித்தார்கள். பேக்கிங்கில் மடிக்கிற ஆள், ஆனால் தோள் அளவு வெளிநாட்டுச் சட்டைக்கென்றே வார்த்ததுபோல இருக்கும். எந்த மாதிரி தைத்தாலும் அவர்மேல்தான் மாட்டிப் பார்ப்பார்கள். மாட்டினால் நிற்பார். திரும்பச் சொன்னால் திரும்புவார்.

மாடியில் சூடு இறங்காமல் இருக்க வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். மேலே இருந்து ஒரு வெயில், கீழே இருந்து ஒரு வெயில். நீலத்தில் நடந்து முடித்து இப்போது கருப்பில் இருந்த நஞ்சுண்டன், கோல்ஃப் பைக்குப் பதிலாக நூல்கண்டு நிரப்பிய சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து மறு கைப்பிடிச் சுவருக்கு நடந்தார். திரும்புகிற இடத்தில் சாக்கை இறக்கி, மாப்புக் குச்சியைத் தலைக்குமேல் ஓங்கி, இல்லாத பந்தை அடித்தார். அடித்துவிட்டு, பந்து எங்கே போனது என்று பார்க்கச் சொல்லியிருப்பார்கள்போல, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு, வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடிக்கிற மெர்ச்சண்டைசர் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். எதிரே முக்காலி ஸ்டாண்டில் மாட்டிய போன். அதில் துபாய்க்காரர் முகம். போன் சூடாகி அணைந்துவிடக் கூடாதென்று அதற்கு ஒரு குடை கட்டியிருந்தது.

சாந்தாமணி குடையைப் பார்த்தாள், பிறகு வெயிலில் நடக்கிற புருசனைப் பார்த்தாள்.

"நஞ்சுண்டண்ணா, இது எப்படீங்க இருக்குது? காத்து போகுதுங்களா?"

நஞ்சுண்டன் உதட்டை நக்கிக்கொண்டார். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. "பரவால்லீங்க சார்."

கிருபாசங்கர் போன் பக்கம் திரும்பினான். "வெரி கம்ஃபர்டபிள், ஹீ சேஸ். ப்ளூ ஒன் நாட் ஸோ குட்."

கம்ஃபர்டபிள் என்கிற இங்கிலீஷ் வார்த்தை அவளுக்குத் தெரியும். தினமும் அட்டைப்பெட்டிமேல் ஒட்டுகிற வார்த்தை. அது அவள் புருசன் வாயிலிருந்து வந்ததாகச் சொல்கிறான்! காய்ச்சலில் அனலாகக் கிடந்து கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு அவர் சொல்வது பரவால்லீங்க. பஸ்ஸில் முன்னால் நின்றவர் அவர் கால்விரல்மேலேயே மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தபோதும் பரவால்லீங்க. எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தன் வலிமேல் இழுத்துப் போர்த்துகிற துணி அது. துபாய்க்காரருக்கு அது புரியாது, விட்டுவிடலாம். இவனுக்கா புரியாது? இவன் பிறந்ததே அன்னூரில்.

"ஏனுங் சார், அவரு என்ன சொன்னாருன்னு சொன்னீங்க?"

கிருபாசங்கர் போனின் சத்தத்தை அணைத்தான். "அக்கா, போன் கால்ல இருக்கறனுங்க. கீழ போங்க, பேசிக்கலாம்."

"சாந்தா, நீ போ அம்மணி. இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார் நஞ்சுண்டன். சொல்லும்போதே கால் தடுமாறி சாக்குமேல் கை ஊன்றினார்.

"நீங்க சித்தெ சும்மா இருங்க." அவள் கிருபாசங்கர் பக்கம் திரும்பினாள். இப்போது அவன் சார் இல்லை. "ஏன் தம்பி, உங்க புதுவூட்டு விசேசத்துல இவரு கால்ல கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரக் கொட்டுனாங்களே, அப்ப என்ன சொன்னாரு?"

கிருபாசங்கர் போனைத் திரும்பிப் பார்த்தான்.

"பரவால்லீங்கன்னாரு. சொன்னாரா இல்லையா? பாதம் முச்சூடும் கொப்புளம். அன்னைக்கு நீங்கதான வண்டிய எடுத்துட்டுப் போயி மருந்து வாங்கியாந்தீங்க? அன்னைக்கு வெளங்குச்சு. இன்னைக்கு இங்கிலீசுல மாறிப்போச்சா? குடோன்ல கெடக்கற துணிய விக்கோணும்னா வித்துக்குங்க தம்பி, உங்க சாமர்த்தியம். இவரு வாயில இல்லாத பேச்ச எதுக்கு இவரு வாயில வெக்கறீங்க?"

போனுக்குள் துபாய்க்காரர் வாயசைப்பது தெரிந்தது. கிருபாசங்கர் சத்தத்தைத் திறந்தான். அவர் ஏதோ கேட்டார். கிருபாசங்கர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அண்ணா... மறுபடி கேக்கச் சொல்றாருங்க. எப்படி இருக்குது?"

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நிற்பது சாந்தாமணிக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வார்த்தை, அதைத் தவிர இன்னொன்று அவருக்குக் கைவசம் இல்லை. அவளை ஒருமுறை பார்த்தார், கிருபாசங்கரை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு சட்டையின் அடியைப் பிடித்து மேலே இழுத்தார். அது முதுகோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் போய்ப் பின்னாலிருந்து உரித்துக் கழற்றினாள். உள்ளே முதுகு முழுக்க அனலடித்த சிவப்பு.

கழற்றியதை, பேக்கிங்காரர் கை தானாகவே மடிக்கத் தொடங்கியது. காலரைத் தூக்கி, கையை உள்ளே தள்ளி, பாதி மடித்தவர் நிறுத்தினார். உதறினார். வெள்ளைத் தரையில் முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி விரித்துப் போட்டார். தொட்டி நிழலுக்கு நடந்து போய், கிருபாசங்கர் விட்டுப்போன நாற்காலியில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார்.

ஈரம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய ஆரம்பித்தது. காயக் காய, கருப்புத் துணியில் வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது. அதற்குள் இன்னொரு கோடு. நஞ்சுண்டன் உடம்பிலிருந்து வந்த உப்பு. "ஹலோ? ஹலோ?" என்றது போன். கிருபாசங்கர் அதை முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தான். குடைக்கு வெளியே வந்து, வெயிலில் நின்றான். போனைச் சட்டைப் பக்கம் திருப்பப் போகிறானா, பையில் போட்டுக்கொள்ளப் போகிறானா என்று தெரியவில்லை. கை பாதி வழியில் நின்றது.

சாந்தாமணி குனிந்து பார்த்தாள். தன் நிழல் சட்டையின் ஒரு தோளை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த உப்பும் தெரியட்டும் என்று ஓரடி தள்ளி நின்றாள்.