படிக்கட்டுக்கு மேலே ஒரு பீம்

"கையெழுத்துப் போடுன்னா போட்டுட்டுப் போவியா, அத விட்டுட்டு நொட்டை நொள்ளை—"

"போட மாட்டேன் அண்ணி. நீங்க எவ்வளவு கத்தினாலும்—"

"நான் எங்கடி கத்தினேன்? மத்தியானம் கமிட்டி வருது!"

"வரட்டும். வந்து உக்காரட்டும். தலையில இடிக்கிற படிக்கட்டுல நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

அந்த அலுவலகத்தில் அண்ணி கட்டிடங்களை வரைபவள். நாத்தனார் அவற்றைச் சரிபார்ப்பவள். வரைந்த கையே சரிபார்க்கக் கூடாது, சரிபார்த்தவர் கையெழுத்தில்லாமல் ஒரு தாளும் வாசல் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டதே அண்ணிதான். தான் வெட்டிய குழி என்று இன்று யாரிடம் போய் அழுவாள்? நாத்தனாருக்கு அலுவலகத்தில் 'சல்லடை' என்று பெயர். கல் இருந்தால் மேலே நிற்கும்.

இது ஊருக்கான நூலகம். இத்தனை வருஷமாக யார் யார் பெயருக்கோ வரைந்து கொடுத்த அண்ணிக்கு, சொந்தப் பெயரில் கிடைத்த முதல் கட்டிடம். மத்தியானம் கமிட்டி வரும்போது படம் கையில் இல்லையென்றால், வேறொரு கம்பெனி முன்பே வரைந்து வைத்திருக்கும் படத்துக்குத் தலையாட்டிவிடுவார்கள். நடுக்கூடத்திலிருந்து வளைந்து ஏறும் அந்தப் படிக்கட்டுதான் அவளுடைய கர்வமே. அதன்மேல்தான் நாத்தனார் விரலை வைத்துவிட்டாள். மிச்சத் தாள்கள் அடியில் அப்படியே கிடந்தன.

"என் படியில என்னடி குறை?"

"படியில ஒண்ணுமில்ல. அதுக்கு மேல குறுக்க வர்ற பீம்ல. உங்க படத்துல அது ஒல்லி, அண்ணன் படத்துல குண்டு. இங்க வாங்க."

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். வெயில் ஊடுருவியது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சுத்தம்; சேர்த்துப் பார்த்தால் பீம் படியின் மேல் தொங்கியது.

அண்ணிக்கு முகம் சுண்டியது. "என்னங்க! கொஞ்சம் வாங்க!"

உள்ளறையிலிருந்து அவள் கணவன் வந்தான். ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு அண்ணன், அலுவலகத்துக்குப் பீம், தூண் கணக்கெல்லாம் போடுபவன். நிலைப்படிக்குக் குனிந்தே பழகிய நெட்டை.

"இந்தப் பீம் எப்ப குண்டாச்சு?"

"நீ வாசிப்பு அறையை அகலமாக்கினியே, அப்போ. தாங்காதுன்னு ஆழத்தைக் கூட்டினேன். உன்கிட்ட சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க?"

"பாத்திரம் கழுவும்போது."

"குழாய் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டு இருந்துச்சு."

"வீட்டுல சொன்னது சுவத்துக்குச் சொன்னது. தாள்ல ஏத்தினாத்தான் ஆபீஸுக்குச் சொன்னது" என்றாள் நாத்தனார்.

அண்ணி விடுவதாயில்லை. "ஒரு சாண் இறங்கியிருக்கு. யார் தலையில இடிக்கப்போகுதாம்?"

நாத்தனார் அளவு நாடாவை எடுத்தாள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, பீமின் அடிமட்டத்துக்கு அளந்து, ஒரு கயிற்றைக் கட்டினாள். படிக்குப் பதிலாக இரண்டு முக்காலிகளை உயரம் பார்த்துப் போட்டாள். "அண்ணா, கையில புத்தகத்தை வெச்சுப் படிச்சுக்கிட்டே இறங்கு."

அவன் இறங்கினான். கயிறு நெற்றியில் மாட்டி, கண்ணாடி தெறித்து மேசைக்கடியில் போய் விழுந்தது.

"தன் பீம் தன்னைச் சுடும்ங்கறது இதுதான்" என்றாள் தங்கை. அவனே சிரித்துவிட்டான்.

அண்ணி சிரிக்கவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இறங்கி வரும் ஓர் ஆள்! அப்படி ஓர் ஆளுக்காகத்தானே இந்தக் கட்டிடமே! அவன் நெற்றியிலா இடிக்க விடுவது? கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பென்சிலை எடுத்தாள்.

"என்னங்க, இந்தப் பீம் கீழதான் தொங்கணுமா? மாடித் தரைக்கு மேல எழும்பினா என்ன?"

"கணக்கு தாங்கும். ஆனா மாடியில திட்டு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குமே."

"நிக்கட்டும். உக்கார்ற உயரத்துக்கு நிப்பாட்டுங்க. பின்னால முதுகு சாயக் கைப்பிடிச் சுவர் வைக்கிறேன். படியேறி வர்றவங்க உக்காந்து படிப்பாங்க."

அவன் ஓடிப்போய்க் கணக்கை மறுபடி போட்டான். அவள் வரைந்தாள். சாப்பாட்டு நினைப்பு யாருக்கும் வரவில்லை. இந்த முறை மாறியதெல்லாம் இரண்டு தாளிலும் ஏறியது. நாத்தனார் மீண்டும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். தலைக்கு மேலே வெறும் வெளிச்சம்தான். கையெழுத்து வைக்கப் பேனாவைத் தேடும்போதே கமிட்டி வந்துவிட்டது.

கமிட்டித் தலைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தாள். "மாடியில இந்த இருக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் யோசிச்சீங்களா?"

ஒரு 'ஆமாம்' போதும். அது அண்ணியின் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லைங்க. காலையில வரைக்கும் அந்த இடத்துல ஒரு பீம் உங்க வாசகர் தலையில இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்டுபிடிச்சவ இவதான், என் நாத்தனார்."

பக்கத்திலிருந்த பொருளாளர் நிமிர்ந்தார். "அப்போ தப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. காகிதத்துல இருந்துச்சு, ரப்பரால போச்சு. கான்கிரீட்ல இருந்தா கடப்பாரையில்ல கொண்டு வரணும்?"

தலைவி வாய்விட்டுச் சிரித்தாள். "தப்பே பண்ணாதவங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க கட்டினதுதான் எங்க பழைய கட்டிடம். மழை வந்தா குடை பிடிச்சுப் படிக்கிறோம். படத்தைக் குடும்மா."

"கொஞ்சம் இருங்க. ஒரு கையெழுத்து பாக்கி" என்றாள் அண்ணி. காலையில் எரிச்சலாய்ச் சொன்ன அதே கையெழுத்தை, இப்போது நெஞ்சு நிமிர்த்திச் சொன்னாள். பேனாவைத் தானே திறந்து நீட்டினாள்.

நாத்தனார் படிக்கட்டுத் தாளில், அண்ணி பெயருக்குப் பக்கத்தில், நிதானமாகக் கையெழுத்து வைத்தாள். ஊதி மையைக் காயவைத்தாள். பிறகு அந்தத் தாளைப் புரட்டி, அடுத்ததன்மேல் விரலை வைத்தாள்.

"சரி அண்ணி, இந்தக் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்குது?"