அப்பாவோடு போன இன்டர்வியூ

சம்பந்தம் பேசக் கிளம்புகிறவர் மாதிரித்தான் கிளம்பியிருந்தார் உக்கிரபாண்டி. சலவை வேட்டி, தோளில் புதுத்துண்டு, கையில் சொந்தத் தோட்டத்து நாட்டுவாழை ஒரு சீப்பு. "இன்டர்வியூவுக்கு யாராச்சும் பழம் கொண்டு போவாகளாப்பா?" என்று மகள் சீனியம்மாள் சொல்லித்தான் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? "வெறுங்கையோட ஒரு எடத்துக்குப் போறதா? கூறுகெட்ட பேச்சு பேசாத ஆத்தா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் விசாரிக்காமல் சம்மதிக்கவில்லை. முந்தின வாரமே சமயநல்லூரில் பஸ் ஏறி மதுரைக்கு வந்து, இன்டர்வியூ வைத்திருந்த மில் கம்பெனி ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, மேனேஜர் குணம் எப்படி, தண்ணி கிண்ணி போடுவாரா, பெத்தவுக யாரு என்று மாப்பிள்ளைக்கு விசாரிப்பது போலவே விசாரித்திருக்கிறார். மகள் வேலைக்குப் போகிறாளா, வாழப்போகிறாளா என்று டீக்கடைக்காரனே குழம்பிப் போயிருப்பான்.

சீனியம்மாளுக்கு இது மூன்றாவது இன்டர்வியூ. எண்பத்தஞ்சில் மதுரையில் கம்ப்யூட்டர் வாங்கின கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பி.எஸ்சி. கணக்கு முடித்து, டவுன்ஹால் ரோட்டு மாடியில் கோபால் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொண்டு, புரோகிராமர் வேலைக்கு ரெண்டு இடம் ஏறி இறங்கிவிட்டாள். ரெண்டு இடத்திலும் கல்யாணம் எப்போ என்று கேட்டார்களே தவிர, புரோகிராம் எழுதத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதுவும் இல்லையென்றால் படித்தது போதும், வீட்டோடு கிட என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். இந்த வேலையை விடக்கூடாது என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பேரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். அப்பாவும் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்! மேஜைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர். ஒருவர் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் சுந்தரவரதன். இன்னொருவர் ஆள் எடுக்கிற ஆபீஸர்.

"நம்ம தோட்டத்துப் பழம்தானுங்கய்யா" என்று சீப்பை மேஜையில் வைத்துவிட்டு, அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார் அப்பா. "இங்கன பொம்பளப் பிள்ளைக எத்தன பேரு வேல பாக்குறாக?"

ஆபீஸராவது அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். அந்தப் புண்ணியவானோ, நின்றுகொண்டிருந்தவளை விட்டுவிட்டு அவரிடமே பேச்சை ஆரம்பித்தார். "மாசக் கடைசியில எல்லா மில்லுக்கும் சம்பளக் கணக்கு போட்டு முடிக்க ராத்திரி ஒன்பது ஆயிடும். பொண்ணை விடுவீங்களா?"

"ஒம்பதா? அதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்லைங்கய்யா. விளக்கு வைக்கும்போது பிள்ள வீட்டுல இருக்கணும்."

"அப்பச் சரி" என்று ஆபீஸர் ஃபைலை மூடினார்.

முடிந்தது! கோபால் எங்கே, கம்ப்யூட்டர் எங்கே, ரெண்டு ஆம்பிளைகள் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சீனியம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சார், மனு போட்டது நானு. எங்கிட்டக் கேளுங்க" என்றாள். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

பத்து ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிற மனுஷன். எந்தச் சபையிலும் அவரை எழுந்து போகச் சொன்ன ஆள் கிடையாது. பெற்ற மகள் சொல்லிவிட்டாள். அதுவும் அசலாருக்கு முன்னால். "எம்புட்டு ஏத்தம்டி ஒனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவள் அவர் முதுகையே பார்த்தாள். கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் கூப்பிடவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இப்பக் கேளுங்க சார்" என்றாள்.

சுந்தரவரதன் ஒரு தாளைத் தள்ளினார். தொழிலாளிக்கு ஓவர்டைம் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்ததும் பென்சிலை ஓட்டிப் படித்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "லீவுல இருக்கறவனுக்கு வேலை பார்த்த மணி எழுதாம காலியா விட்டிருந்தா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "புரோகிராம் அந்த எடத்துல நின்னுரும் சார். அத விட்டுட்டேன். அஞ்சு நிமிஷம் குடுங்க." தாளை வாங்கினாள், அந்த வரியை அடித்தாள், மறுபடி எழுதினாள். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். "ஒன்பது மணி ஆகுமேம்மா?"

"ஆகட்டும் சார். இருக்கேன்."

"எங்களுக்குச் சரி. ஆனா அப்பா சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும்" என்று இழுத்தார் ஆபீஸர்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரே, நல்லகாமன், அவருகிட்ட அப்பா கையெழுத்து கேட்டீங்களா சார்?"

ஆபீஸர் மூடின ஃபைலை மறுபடி திறந்தார்.

"எனக்கு இருபத்திரெண்டு வயசு. போன தேர்தல்ல ஓட்டுப் போட்டாச்சு. என் கையெழுத்து போதும்."

சுந்தரவரதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார்.

வாசலில் அப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவளாகத்தான் சொன்னாள். "வேல கெடச்சிருச்சுப்பா. திங்கக்கிழமை போறேன்."

"நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நான் முடியும்னு சொல்லிட்டேன்."

அவர் விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ்ஸில் அவர் பின்பக்கம், அவள் முன்பக்கம். கண்டக்டர் வந்தபோது, "சமயநல்லூர் ஒண்ணு" என்று அப்பாவின் குரல் கேட்டது. பிறந்ததிலிருந்து அவள் டிக்கெட்டை அவர்தான் எடுப்பார். சீனியம்மாளுக்குப் பொசுக்கென்று கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு, கண்டக்டர் முன்னால் வந்ததும், "சமயநல்லூர் ஒண்ணு" என்றாள்.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு கண்டக்டர் பின்பக்கம் திரும்பிக் கத்தினார். "பெரியவரே! பிள்ள டிக்கெட் எடுத்துருச்சான்னு கேட்டீகள்ல? எடுத்துருச்சு!"