முதல் ஒரு சதவீதம்

பேராசிரியர் தண்டாயுதபாணி தன் மெயிலின் பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ரோஜாச் செடிகளுக்கு மண் அணைக்கப் போனார். அட்டுவம்பட்டியில் அவர் வீட்டு முன்னறையில், அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் மேனகா உட்கார்ந்திருந்தாள். பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கிற மாணவரைப் பற்றி அவருடைய பேராசிரியர் ரகசியமாக எழுதி அனுப்ப வேண்டியது சிபாரிசுக் கடிதம். தண்டாயுதபாணியின் துறையில் அதை மாணவர்களே எழுதிக்கொள்வது வழக்கம். சார் கையெழுத்து மட்டும் போடுவார். போன வருடம் கையெழுத்தையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டதால், அந்தச் சிரமமும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

"அப்படியே ராஜமுருகனுக்கும் ஒண்ணு எழுதிரும்மா. ஒனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருது. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துறக் கூடாது, பாத்துக்க" என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது.

ராஜமுருகனின் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. எம்.எஸ்ஸி. தாவரவியலில் இரண்டு வருடம் அவளோடு உட்கார்ந்திருந்தும், பாசி என்றால் பிரியாணியில் போடும் கல்பாசி என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. பரீட்சைக்கு அவளுடைய நோட்டைப் படித்து அவள் அளவுக்கே மார்க் வாங்கிவிடுவான். சார் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அவன் கொண்டுவந்த டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மேனகா சாருக்குக் கொடுத்தது டப்பா இல்லை. நூற்றிருபது பாறைகளில் கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன பாசி எத்தனை என்று ஒரு மழைக்காலம் முழுக்க எண்ணி எழுதிய குறிப்புகள். அது சார் பெயரில் கட்டுரையாக வந்தது. நன்றிப் பட்டியலில் ஜீப் டிரைவருக்கு அடுத்தபடியாக அவள் பெயரும் இருந்தது. அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் விண்ணப்பித்தது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. அவளுக்கு அதுதான் வேண்டும். அங்கே மலைப்பாசிகளை ஆராய்கிற விஞ்ஞானி ஓய்வு பெறப் போகிறார். இந்த வருடம் எடுக்கும் ஒரே மாணவர்தான் அவருடைய கடைசி மாணவர்.

தனக்கான கடிதத்தைத் தொடங்கினாள். 'மிகச் சிறந்த' என்று அடித்ததும் விரல் நின்றது. பேத்துப்பாறையில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிற அவள் அம்மா மாரியாயி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக இங்கே வந்தவள். "தொர முன்னுக்கு நம்ம பெருமைய நாமளே பேசப்படாது புள்ள. அவரா பாத்துச் சொல்லணும்" என்பாள். இந்தத் துரை எதையும் பார்க்கிறவர் இல்லை என்பது மேனகாவுக்குத் தெரியும். இருந்தாலும், தப்பித் தவறிப் படித்துவிட்டால்? 'மிகச் சிறந்த'வை அழித்தாள். ஒழுங்கானவர், நேரம் தவறாதவர், சொன்ன வேலையைச் செய்பவர் என்று எழுதினாள். வாட்ச்மேன் வேலைக்குக் கொடுக்கிற சான்றிதழ் மாதிரி இருந்தது. மாணவரின் தரம் என்ன என்ற கேள்விக்கு 'முதல் பத்து சதவீதம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

ராஜமுருகனுக்கு எழுதும்போது எந்தக் கூச்சமும் இல்லை. அவன் மேலும் சார் மேலும் இருந்த இளக்காரம் முழுவதும் விரலில் இறங்கியது. முப்பது வருட ஆசிரியப் பணியில் இப்படி ஒருவரைக் கண்டதில்லை என்று ஆரம்பித்தாள். காய்ந்து கறுத்த பாசியில் நீர் தெளித்து, அது இலை விரிக்கும் நேரத்தைக் குறித்துவைத்தவர். பாறையில் சட்டம் வைத்து எண்ணுகையில், காலில் அட்டைகள் ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தபோதும் எண்ணிக்கை தவறிவிடும் என்று அசையாமல் நின்றவர். தரம், முதல் ஒரு சதவீதம். எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தாள். இதை நம்புகிறவன் எவனாவது இருந்தால் அவனும் கல்பாசிதான் என்று நினைத்தாள்.

சார் மண் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டும் பக்கம் நெறைய இருக்குல்ல? அனுப்பிரு."

இரண்டு மாதம் கழித்து நேர்முகத் தேர்வுப் பட்டியல் வந்தது. ராஜமுருகனின் பெயர் இருந்தது. மேனகாவின் பெயர் இல்லை. மூன்று முறை மேலிருந்து கீழே தேடினாள். கேலிக்காக எழுதியதில் தன்னுடைய உண்மையை எல்லாம் போட்டு, தனக்கு வெறும் ஒழுங்கை வைத்துக்கொண்ட மடத்தனம் அப்போதுதான் உறைத்தது. அட்டுவம்பட்டிக்குப் போய்க் கேட்டாள். சார் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "நீ எழுதினதத்தானம்மா அனுப்புனது?" என்றார். யாரிடம் போய் என்ன சொல்வது? கடிதம் இரண்டும் அவள் எழுதியவை. சாரின் மெயிலிலிருந்து அவற்றை அனுப்பியதும் அவள் விரல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜமுருகன் பேத்துப்பாறைக்கே வந்துவிட்டான். புது ஷூ, வெள்ளை சாக்ஸ், கையில் பஞ்சாமிர்த டப்பா.

"அந்த லெட்டர்ல இருந்துதான் கேப்பாங்களாம், சார் சொன்னாரு. பாறை, சட்டம்னு என்னமோ எழுதியிருக்கியாம்ல. வெரசாக் காட்டிரு மேனகா, நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும். கடையில சோலி கெடக்கு" என்றான். அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

மாரியாயி டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாள். "கூட்டிட்டுப் போய்க் காட்டு புள்ள. வீடு தேடி வந்திருக்கு அந்தத் தம்பி."

மேனகா கம்பிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். இரவு பெய்த மழையில் சோலைக்காடு சொட்டிக்கொண்டிருந்தது. பதினேழாம் எண் பாறையில் சட்டத்தை வைத்து, லென்ஸை அவன் கையில் கொடுத்தாள். "குனிஞ்சு பாரு. ஒவ்வொண்ணா எண்ணு. ஒண்ணு விட்டாலும் மறுபடி மொதல்ல இருந்து."

அவன் மூச்சு வாங்கக் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று விரல் வைத்து எண்ணத் தொடங்கினான். ஈரச் சருகிலிருந்து ஒரு அட்டை நிமிர்ந்து, காற்றில் துழாவி, அவன் ஷூவைப் பிடித்தது. வளைந்து நீண்டு, வளைந்து நீண்டு வெள்ளை சாக்ஸில் ஏறியது. பின்னால் இன்னும் இரண்டு வந்துகொண்டிருந்தன.

"கால்ல என்னமோ நமநமங்குது" என்றான் அவன்.

"அசையாத" என்றாள் மேனகா. "எண்ணி முடி."