பதினோராவது வாக்கியம்

இங்கிலீஷ் வீட்டுப்பாட நோட்டைச் சாப்பாட்டு மேசை மேலேயே மறந்துவிட்டுச் சந்தைக்குப் போனது என் தப்புதான். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் ஜூல் மூக்குக்கண்ணாடி, அகராதி, சிவப்புப் பென்சில் சகிதமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். 

அது அறுபத்தாறாம் வருடம். அவர் குமாஸ்தாவாக இருந்த பிரெஞ்சுக் கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வியட்நாமில், சைகோனில் இனி வேலை என்றால் அமெரிக்கர்களிடம்தான், அதற்கு இங்கிலீஷ் வேண்டும். அது கடைத்தெரு பாஷை என்று காரைக்காலில் இருக்கும்போதே முடிவு கட்டியவர் இவர். அதனால் நான் படித்தேன். ஓர் அமெரிக்க ஆபீசில் டெலிபோன் பார்க்கும் வேலை வருகிற மாதிரி இருந்தது. புருஷனுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம். மூன்று வாரமாக நீட்டுகிறேன், "பாக்கலாம்" என்கிறார். திங்கட்கிழமை கடைசி நாள்.

டீச்சர் ஒடெட் அந்த வாரம் நடத்தியது 'புட் அப் வித்'. பிடிக்காத ஒன்றை வேறு வழியில்லாமல் சகித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று அர்த்தம். அதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னாள். மற்றவர்கள் மழையையும் கொசுவையும் எழுதினார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பத்தும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன.

"நாலாவது," என்றார் தலை நிமிராமல். "நான் தினமும் சூப்பை உறிஞ்சிக் குடிக்கிறதா எழுதியிருக்க. தினமும் எங்க சூப்பு வைக்கிற நீ? ஞாயித்துக்கிழமைன்னு மாத்தியிருக்கேன்."

"சரிங்க."

"ஏழாவது. எல்லா சிக்லோ ரிக்‌ஷாக்காரனோடயும் சண்டை போடுறேனா? சோலோன் சந்தைப் பக்கம் போறவனோட மட்டும்தான்."

"ஒம்பதாவதுக்கு ஒண்ணும் சொல்லலையே?" ஒன்பதாவது குறட்டை.

"அது சரியா இருக்கு."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தன் மேல் சொன்ன புகாருக்கே உட்கார்ந்து திருத்தம் போடுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? வயிற்றெரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு கீரையை ஆய்ந்தேன்.

அவர் சவரம் பண்ண எழுந்த பிறகுதான் நோட்டை எடுத்தேன். பத்துக்கு ஏழு மார்க். அடையாளத்துக்கு நான் செருகி வைத்திருந்த 'ஆட்சேபணை இல்லை' தாளிலும் பென்சில் பாய்ந்திருந்தது. பொலேத் என்ற என் பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்திருந்தார். அதன் கீழே, பேனாவைத் தேடி எடுத்து மையில் போட்ட முழுக் கையெழுத்து.

நோட்டில் பதினோராவதாக ஒன்று இருந்தது. அவருடைய சாய்ந்த எழுத்து, இங்கிலீஷில். வேலையில்லாத புருஷனைப் பொலேத் 'புட் அப் வித்' செய்கிறாளாம்.

என் பத்தில் அது இல்லை. எழுதத் தோன்றவே இல்லை. 

"பதினொண்ணாவது தப்புங்க," என்றேன்.

"இலக்கணமா?"

"இல்ல."

சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தின் மேல் வைத்தேன். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரை காய, சவரக் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.