ஏழு நாள் பிந்திய சத்தம்

ஒக்லாந்து நகரத்தின் ஒனிஹங்காவில் உள்ள ஒரு கொலேஜின் முதல் பதினொருவர் கால்பந்து அணிக்குத் தலைமைக் கோச்சாக இருந்த ஏர்னஸ்ட் மைதானத்தில் நின்று கத்துகிற சத்தம், சரியாக ஏழு நாள் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு வாயைத் திறந்தால், அடுத்த சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு, அவர் நின்ற அதே இடத்திலிருந்து, அதே அளவு கோபத்தோடு கேட்கும். வீட்டில் இந்தக் குறை இல்லை. மனைவி அன்ரனீற்றாவோடு அவர் சண்டை பிடித்தபோது ஒவ்வொரு சொல்லும் உடனுக்குடன் போய்ச் சேர்ந்ததைப் பக்கத்து வீட்டார் உறுதி செய்திருக்கிறார்கள். மே மாதத்து முதல் சனிக்கிழமை இது தொடங்கியது. தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று ஆளாளுக்கு மானுக்கா தேன் வாங்கிக் கொடுத்தார்கள். டொக்டர் தொண்டைக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஏர்னஸ்ட் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருக்க, போன கிழமைச் சத்தம் வந்து இடது பக்கக்காரனை முன்னே ஓடச் சொன்னது. அவனும் சொல்லுக் கேட்கிற பிள்ளை, ஓடினான். அவன் விட்டுப்போன வெளியால் எதிரணி வந்து கோல் அடித்தது.

வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிப் பார்த்தார்கள். ஒக்லாந்து மழை முதல் வரியை அவர் இரண்டாவது வரி எழுதுவதற்குள் அழித்தது. வழி கண்டுபிடித்தவர் உதவிக் கோச் கெல்வின். மன்னாரில் இருவரும் ஒன்பது வருஷம் ஒரே அணியில் விளையாடியவர்கள். ஏர்னஸ்டின் உதடு அசைகிற விதத்திலேயே என்ன சொல்கிறார் என்று கெல்வினுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஏர்னஸ்ட் வாயசைப்பார், பக்கத்தில் நின்று கெல்வின் அதை இங்கிலிஷில் கத்துவார். பழைய சத்தம் வரும்போது, தலைக்கு மேல் விமானம் இறங்குகிற நேரத்தில் பேச்சை நிறுத்துவதுபோல, எல்லோரும் ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். இரண்டில் வென்றார்கள், மூன்றில் தோற்றார்கள்.

ஆதரவாளர்கள் என்று இருந்தது பெற்றோரும் அவர்களோடு ஒட்டிக்கொண்டவர்களுமாக நாற்பது பேர். கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மடக்குக் கதிரைகளில் இருந்தபடி சீசன் முழுக்க நிறுத்துப் பார்த்தார்கள். ஐடி வேலை பார்க்கும் ரங்கநாதன் எல்லாச் சத்தத்தையும் நேரத்தோடு குறித்துவைத்து, ஏர்னஸ்ட் சொன்னது ஒருமுறைகூடத் தப்பில்லை என்று அட்டவணை போட்டு நிரூபித்தார். அவருடைய மனைவி கண்மணிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "சரியாத்தான் சொல்றார், லேட்டா சொல்றார். எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான்" என்றார். வாழைப்பழ கேக் கொண்டுவருகிற ஷாமிலா, எங்கட ஆள் என்பதற்காக எத்தனை மட்ச் தோற்கிறது என்று கேட்டுவிட்டு, ஏர்னஸ்டுக்கும் ஒரு பெரிய துண்டு வெட்டிக் கொடுத்தார்.

கெல்வினிடம் தனியாகக் கதைத்தவர் கேதீஸ்வரன். பாட்டனி டவுன்ஸில் பெரிய வீடு, அதைவிடப் பெரிய அபிப்பிராயங்கள். "கத்துறது நீ, பேர் அவருக்கோ?" என்று ஒருநாள் கார் தரிப்பிடத்தில் கேட்டார். கெல்வின் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அன்றிலிருந்து, மனுகாவ் பக்கம் பஸ் ஓட்டுகிற அந்த மனிதருக்கு, ஜக்கெற்றின் முதுகில் அச்சடித்திருந்த 'உதவி' என்ற சொல் நடுமுதுகில் உறுத்தத் தொடங்கியது. தலைமைக் கோச் என்று அச்சடித்த ஜக்கெற் ஏர்னஸ்டுக்கு என்ன என்பதும் கெல்வினுக்குத் தெரியும். கிழமை முழுக்கக் குளிர்க்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரை யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. சனிக்கிழமை மட்டும்தான் அவர் கோச்.

ஜூன் கடைசியில் முதல் சுற்றின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. சமநிலை வந்தாலே மேல் பிரிவுக்குப் போகலாம். தோற்றால் அன்று பின்னேரமே கேதீஸ்வரன் வீட்டில் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், சாப்பாட்டு விபரத்தோடு. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்க, முடிய நாலு நிமிஷம் இருக்கையில், பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஏர்னஸ்ட் திரும்பி வாயசைத்தார். கெல்வின் தலையாட்டினார். பிறகு மைதானத்தைப் பார்த்து, எல்லோரும் மேலே போங்கள் என்று கத்தினார். பிள்ளைகள் போனார்கள். பின்னால் ஒரு ஆளும் இல்லாத பாதி மைதானத்தில் எதிரணிப் பெடியன் ஒருவன் தனியாக நடந்துபோய் கோல் போட்டான். உதடு அப்படித்தான் தெரிந்தது என்று கெல்வின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீடு போகும்வரை பன்னிரண்டு தடவை சொன்னார். பன்னிரண்டு தடவையும் அவரே நம்பவில்லை.

கூட்டத்துக்கு ஏர்னஸ்டையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் ஏன் மேலே போகச் சொன்னீர்கள் என்று கேதீஸ்வரன் கேட்க, ஏர்னஸ்ட் யாரையும் குறை சொல்லவில்லை. "நான் என்ன சொன்னனெண்டு கெல்வினைக் கேளுங்கோ. அவன் சொன்னாச் சரி" என்றார். கெல்வின் தட்டிலிருந்த றோல்ஸைப் பார்த்தார். "அண்ணை மேல போகத்தான் சொன்னவர்" என்றார்.

ஏர்னஸ்ட் எழுந்து காரின் சாவியைத் தேடினார். ரங்கநாதன்தான் விடாமல், "ஒரு வாரம் வெயிட் பண்ணா அந்தச் சத்தமே வந்து சொல்லிடுமே சார்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ஒனிஹங்காவில் இல்லை, பாட்டனி டவுன்ஸில் என்று கெல்வின் நினைவூட்டினார். அதை அவர் அன்று காலையிலேயே நினைத்து வைத்திருந்தார். "ஆர் போய் இந்தக் குளிருக்குள்ள வெறும் கிரவுண்டில நிக்கிறது?" என்றார் ஷாமிலா. கேள்வி நியாயமாக இருந்தது. கை உயர்த்தினார்கள். முப்பத்தொரு கை ஏர்னஸ்டுக்கு எதிராக எழுந்தது, முப்பத்தொன்றாவது கை கெல்வினுடையது. திங்கட்கிழமை கடிதம் போனது, வியாழக்கிழமை கெல்வினுக்குப் புது ஜக்கெற் வந்தது. ஏர்னஸ்ட் இனிச் சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருகிறேன் என்று குளிர்க்களஞ்சியத்தில் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மழை விடவில்லை. சனிக்கிழமை விடிய, நகரத்தின் புல் மைதானங்கள் எல்லாம் மூடப்பட்டதாகக் கவுன்சில் அறிவித்தது. பாட்டனி டவுன்ஸ் ஆட்டத்தை, செயற்கைப் புல் இருக்கிறதே என்று, ஒனிஹங்காவுக்கே மாற்றினார்கள். கெல்வின் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். தலைமைக் கோச் முதல் நாளே வராவிட்டால் எப்படி என்றார்கள். போனார். ஏர்னஸ்ட் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு மூன்றடி தள்ளிக் கெல்வின் நின்றார். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு, யாரும் நில்லாத அந்த இடத்திலிருந்து, மழைக்குள்ளால் தெளிவாக வந்தது ஏர்னஸ்டின் சத்தம்.

"கெல்வின், எல்லாரையும் பின்னுக்கு எடு. டிரோ காணும். பிழைச்சா நான் சொன்னதெண்டே சொல்லு, என்ன?"

நாற்பது பேரும் கேட்டார்கள். கேதீஸ்வரன் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தார். கண்மணி குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். ஷாமிலா கேக்கை நாற்பது துண்டாக வெட்டத் தொடங்கினார். இன்னொரு கூட்டம் வைக்க யாருக்கும் சனிக்கிழமைகள் மிச்சமில்லை, கடிதமும் போய்விட்டது, ஜக்கெற்றும் அச்சடித்தாயிற்று. அந்நேரம் பார்த்து எதிரணி பந்தோடு இடது பக்கத்தால் ஏறி வர, கெல்வின் கையை வீசி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினார். வாய் மட்டும் திறந்து மூடியது. அவர் உதட்டைப் படிக்கத் தெரிந்த ஒரேயொரு ஆள் அப்போது குளிர்க்களஞ்சியத்தில் இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. ரங்கநாதன் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த சனிக்கிழமை, பதினொன்று நாற்பத்துமூன்று என்று போனில் குறித்துக்கொண்டார்.