இல்லாத மலையின் நிழல்

"பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுல லைட்டு எரியுதே, ஏன்க்கா?" என்று சிமெண்ட் ஆலைக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி ஒருநாள் வெடிக்காரர் மனைவியிடம் கேட்டாள். மலை நிழல் விழுந்துவிடுகிறது, அடுப்படியில் கண் தெரிவதில்லை என்று அவள் பதில் சொன்னாள். சொன்னது உண்மை. குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளின் மேல் தினமும் பிற்பகலில் மலையின் நிழல் விழுந்தது. மலைதான் இல்லை. அதை உடைத்து, அரைத்து, மூட்டை கட்டி விற்று முடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

மலையை இறக்கியவர் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, விசில் ஊதி, எல்லோரும் ஒதுங்கிய பிறகு பொத்தானை அழுத்துவது அவர் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக மலை குறைவதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். தண்ணீரில் விட்ட சோப்புக் கட்டி போல அது கரைந்தது. கடைசி மேட்டுக்கு மருந்து வைத்த அன்று மேலாளர் நேரில் வந்து கை தட்டினார், எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அன்று பிற்பகலும் வழக்கமான நேரத்துக்கு நிழல் வந்தது. உச்சியில் ஒரு பக்கம் சரிந்த அதே வடிவம். வழக்கம் போலத் தெருக்குழாய் வரைக்கும் வந்து நின்றது. ஆலையிலிருந்து மின்பணியாளரை அனுப்பினார்கள். அவர் தெருவிளக்கின் வயர்களைச் சோதித்துக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அளவையாளர் நாடா பிடித்து அளந்து, அந்த உயர மலைக்கு இந்த நீள நிழல் சரிதான் என்றார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துணி காய்வதில்லை என்று மட்டும் பெண்கள் குறைபட்டார்கள். பக்கத்து வீட்டு வெல்டர் அவர்களை அடக்கி வைத்தார். "சும்மா இருங்க அண்ணி. வெளிய தெரிஞ்சா நிழலுக்கும் சேர்த்து வாடகை பிடிச்சிடுவானுங்க."

வெடிக்காரர் மனைவிக்கு அந்த நிழல் வேண்டியிருந்தது. வேலையை விட்டு நிற்பதற்குள் அவள் கணவரின் நெஞ்சு முழுக்கக் கல்தூள் அடைந்துவிட்டது. காலை முழுவதும் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல ஒவ்வொரு மூச்சையும் இழுப்பார். குடியிருப்பு முழுக்க சைக்கிள் சீட்டிலும் குடத்து மூடியிலும் வெள்ளைத் தூள் படியும். நிழல் வந்தபின் மட்டும் அந்த வரிசையில் தூள் படியாது. ஈரக்கல்லின் வாசனை வரும். வெடிக்காரர் மெல்லச் சாய்ந்து, காலை நீட்டி, வாயை மூடிக்கொண்டு தூங்குவார். அவர் வாயை மூடித் தூங்குவதைப் பார்க்கத்தான் அவள் காலையெல்லாம் காத்திருந்தாள்.

நிழலோடு மற்றவையும் வந்தன. முதலில் பீரோவுக்குப் பின்னால் பாசி. பிறகு குளியலறைத் தண்ணீர்த் தூம்பில் ஒரு பெரணிச் செடி சுருள் விரித்தது. துணிக்கொடியில் வௌவால்கள் தொங்கின. தடித்த வாலுள்ள ஒரு பல்லி காலண்டருக்குப் பின்னால் குடித்தனம் வைத்தது. மின்விசிறியின் இறக்கை மேல் ஒரு சிறு ஆந்தை வந்து உட்கார, அன்றிலிருந்து விசிறியைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். விடியும்போது எதுவும் இருக்காது, பாசிகூட இருக்காது. எச்சம் மட்டும் கிடக்கும். அதை அவள் பெருக்கித் தள்ளுவாள்.

லைட்டைப் பற்றிக் கேட்ட அதிகாரி, பதிலை நம்பாமல் உள்ளே வந்து பார்த்தாள். விசிறியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மலையோடு சேர்ந்து ஒழிந்துவிட்டது என்று ஆலையே எழுதிக் கொடுத்திருந்த ஆந்தை அது. பூச்சி, பறவை, செடி எல்லாவற்றையும் எண்ணுவது அவளுக்குச் சம்பள வேலை என்பதால் குடியிருப்பில் அவளுக்குப் பூச்சி மேடம் என்று பெயர். அடுத்த மலையைத் தோண்ட அனுமதி வேண்டுமென்றால், பழைய மலை இருந்த குழியில் உயிர்களைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஆலைக்கு உத்தரவு இருந்தது. அவள் வருவதற்கு முன்பு குழியைச் சுற்றி ஒரே வகை மரத்தை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். அவை மளமளவென்று வளர்ந்து போட்டோவில் நன்றாக விழுந்தன. ஒரு காக்காகூட அவற்றில் உட்கார்ந்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் மேலாளர் சுலபமான வழியைப் பிடித்தார். கடைசி வரிசை ஆட்களைப் புது மாடிக் கட்டடத்துக்கு மாற்றி, வேலி போட்டு, உயிரினப் பாதுகாப்பிடம் என்று பலகை வைத்துவிடலாம். வெடிக்காரர் மனைவி அலுவலகத்துக்குப் போய், வேறு இடத்தில் அவருக்கு மூச்சு வராது என்று சொன்னாள். புது வீட்டில் டைல்ஸ் போட்டிருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது என்று மேலாளர் அன்பாகச் சொன்னார். லிஃப்ட் திறப்பு விழா அன்று மட்டும் ஓடியது. வெடிக்காரரை வெல்டரும் இன்னொருவரும் நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். ஆலைப் புகைபோக்கிக்கு நேர் கீழே இருந்த கட்டடம் அது.

அன்று பிற்பகல் வேலி போட்ட வரிசையில் பொழுது சாயும்வரை வெயில் அடித்தது. நிழல் அங்கே வரவில்லை. அது குடியிருப்பின் நடுத்தெரு வழியாக வந்து, புதுக் கட்டடத்தின் படிகளில் ஏறி, மூன்றாம் மாடியில் வெடிக்காரர் கட்டிலின் மேல் விழுந்தது. பின்னாலேயே வௌவால்கள் படிக்கட்டு வழியாக வந்தன. மறுநாள் பூச்சி மேடம் மேல்மூச்சு வாங்க ஓடிவந்து, இது எப்படி அண்ணே என்று கேட்டாள். வெடிக்காரர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நான்தானேம்மா அதை இறக்கினேன். அது வேற யார்கிட்ட போகும்?"

அப்படியானால் அவரை அழைத்துப்போய்க் குழியில் உட்கார வைத்தால் நிழல் குழியில் விழும், நிழலோடு உயிர்களும் அங்கே இறங்கும் என்று பூச்சி மேடம் கணக்குப் போட்டாள். மேலாளர் அன்றே ஜீப்பை அனுப்பினார். ஜீப்பை மறித்து நின்றவள் அவர் மனைவி. குரல் உயர்த்திப் பேசியே பழக்கமில்லாத அவள், டிரைவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அங்க அவருக்கு மூச்சு முட்டாம பண்ணுங்க. அப்புறமா வந்து கூப்பிடுங்க."

அதனால் ஆலை ஒரு மனிதனின் நெஞ்சுக்காக வேலை செய்யத் தொடங்கியது. கல் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு மூடி போட்டார்கள். புகைபோக்கியில் தூள் பிடிக்கும் பைகளை மாட்டினார்கள். வெடிச்சத்தம் அவரை உலுக்கியதால் குழிக்கு அருகில் மிச்சமிருந்த கல்லுக்கு வெடி வைப்பதை நிறுத்தினார்கள், விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றதும் குழிப் பக்கத்து விளக்குகளை அணைத்தார்கள். செங்குத்தாக இருந்த கரையை, நாற்காலியை இறக்குவதற்காகச் சரிவாக்கினார்கள். அதே சரிவில் தவளைகள் ஏறி இறங்கின. ஈரம் அவருக்கு நல்லது என்பதால் குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்காமல் விட்டார்கள். மலையைத் தோண்டுமுன் சுரண்டிப் பட்டறைக்குப் பின்னால் குவித்து மறந்துபோன மேல்மண்ணைப் பூச்சி மேடம் கண்டுபிடித்து, தூள் கிளம்பாமல் இருக்க என்று சொல்லிக் குழி முழுவதும் மெல்லியதாகப் பரப்ப வைத்தாள். அதில் உறங்கிக்கிடந்த விதைகள் பெயர் தெரியாத புற்களாக முளைத்தன. வரிசை மரங்களில் பாதியை வெட்டி, அவர் சாய்ந்துகொள்ளட்டும் என்று அங்கேயே போட்டார்கள். அவை உளுத்து, வண்டுகள் ஏறின. தவளைக்குச் செலவு செய்யத் தலைமை அலுவலகம் ஒப்பாது என்பதால் எல்லாவற்றையும் மேலாளர் மருத்துவச் செலவு என்றே எழுதினார். வெல்டர் சொன்னார், "அண்ணன் இத்தனை வருஷமா இருமினது இப்பதான் ஆபீஸ் காதுல விழுந்திருக்கு."

வெடிக்காரர் தினமும் ஜீப்பில் போய்க் குழியில் உட்கார்ந்தார். மனைவி சாப்பாட்டு டப்பாவோடு கூடப் போனாள். நிழல் அவர் மேல் விழும், ஆந்தை இறங்கும், பல்லி கல்லிடுக்கில் நுழையும். அவர் கிளம்பும்போது எல்லாம் அவர் பின்னாலேயே கிளம்பிவிடும். முதல் வருடம் அப்படித்தான் போனது. அடுத்த மழைக்குப் பிறகு பெரணி ஒன்று பாறையிலேயே தங்கிவிட்டது. பிறகு பல்லி தங்கியது. தேனீக்கள் பாறைப் பிளவில் கூடு வைத்து, காலையிலும் அங்கேயே இருந்தன. பூச்சி மேடம் குழியின் விளிம்பில் உட்கார்ந்து எண்ணி எண்ணிச் சிரித்தாள். அவள் சிரித்து யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. வௌவால்களின் எண்ணிக்கை வீட்டில் குறைவதை வெடிக்காரர் மனைவியும் கவனித்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஒருநாள் ஜீப் அவர்களைக் கொண்டுவந்து விட்டது, நிழல் வரவில்லை. அவள் மாடியிலிருந்து இறங்கித் தெருக்கோடி வரை போய்ப் பார்த்தாள். தூரத்தில் குழியின் மேல் அது அசையாமல் கிடந்தது. திரும்பி வரும்போது படிக்கட்டின் கைப்பிடியில் பழைய வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. வெடிக்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையணையை மடியில் எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஜீப் வரவில்லை. ஆலைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், அடுத்த மலைக்கு அனுமதியும் கொடுத்தார்கள். குழியைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, மனிதர் நுழையக் கூடாது என்று பலகை வந்தது. குழியின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு நாங்கள் இருந்துவிடுகிறோம் என்று அவள் கேட்டாள். மேலாளர் விதியைக் காட்டினார். அவள் பூச்சி மேடத்தின் வீட்டுக்குப் போனாள். பூச்சி மேடம் அவளை உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் எழுதின விதிதான்க்கா. ஆள் நடமாட்டம் இருந்தா அதுங்க முட்டை வைக்காது."

அந்த மாதம் முழுவதும் வெடிக்காரர் படுக்கவே இல்லை. பிறகு ஒரு விடியலில் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாடி இறங்குவதற்குள் தெருவில் பால் வண்டி வந்துவிட்டது. குழிக்குப் போய்ச் சேரும்போது முதல் ஷிஃப்டுக்கான சங்கு ஊதியது. அவள் வேலியின் அடிக்கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அவர் குனிந்து, தாழ்ந்த வாசலில் நுழைவது போல நுழைந்து, அந்தப் பக்கம் நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "கம்பி கீறிடப் போகுது, கைய எடு" என்றார். பிறகு சரிவில் இறங்கினார். புல் அவர் இடுப்பு வரை வந்தது, பிறகு தோள் வரை, பிறகு அவர் தெரியவில்லை.

ஆலை ஆள் அனுப்பித் தேடியது. கூடு கட்டும் காலம் என்பதால் சத்தம் போடாமல், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அன்று பிற்பகல் நிழல் குழியில் விழுந்தபோது உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. மறுநாளும் கேட்டது. போகப்போக அது லேசாகி, தொண்டையைச் செருமும் சத்தம் போல ஆனது. குடியிருப்பில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. இருமல் கேட்டதும் பெண்கள் கொடியிலிருந்து துணியை எடுத்தார்கள். அடுத்த மலையில் வெடி வைக்க ஆள் எடுத்தபோது வெல்டரின் மகன் போய்ச் சேர்ந்தான், நல்ல சம்பளம்.

வெடிக்காரர் மனைவி தினமும் வேலிக்கு வெளியே வந்து, நிழல் இருட்டோடு கலக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். வருடக் கணக்கெடுப்புக்குப் பூச்சி மேடம் வந்த அன்றும் அவள் அங்கேதான் இருந்தாள். பூச்சி மேடம் வேலிக்கு வெளியே நின்றபடி தொலைநோக்கியில் பார்த்தும் காதைக் கொடுத்துக் கேட்டும் ஒவ்வொன்றாக எழுதினாள். ஆந்தை ஜோடியாகியிருந்தது. தவளையில் புதிதாக ஒரு வகை. வௌவால்கள் பிளவை விட்டுக் கிளம்பிப் புகை போல மேலே போயின. அவை போனதும், அருகில் எங்கேயோ, யாரோ நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல ஒருமுறை செருமினார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரையும் கணக்குல சேர்த்துக்கிட்டியாம்மா?" என்று வெடிக்காரர் மனைவி கேட்டாள்.

பூச்சி மேடம் பேனாவை மூடினாள். தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், புது மலைக்குப் போகும் லாரிகள் ஓடிய சாலையை நோக்கி நடந்து போனாள்.